கயிற்றை இழுத்தால் யார் வருகிறார்?

புதிதாக ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றவர்கள் என்னோடு பேச உட்கார்ந்தால், பேச்சு சீக்கிரமே ஆட்களின் பக்கம் திரும்பிவிடும். இவர் சுறுசுறுப்பு, அவர் மந்தம், இன்னொருவர் எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுவார். ரெண்டு பேரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அவர்களுக்கு நான் ஒரு கார் தொழிற்சாலையின் கதையைச் சொல்வது வழக்கம். கொஞ்சம் நீளமான கதை. டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம், ஃப்ரீமான்ட் என்று ஓர் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே 1960-களின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலை திறந்தது. எழுபதுகள் முடிவதற்குள் அது கம்பெனிக்கே தலைவலியாகிவிட்டது. எந்த நாளை எடுத்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்கமாட்டார். வந்தவர்களிலும் சிலர் வேலை நேரத்திலேயே குடிப்பார்கள். கார் கதவின் உட்புறம் வேண்டுமென்றே காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவதும் உண்டு. வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தொழிலாளர்கள் கொடுத்த புகார்கள் ஆயிரக்கணக்கில் தீர்க்கப்படாமல் தேங்கிக் கிடந்தன. 1982-ல் நிர்வாகம் தொழிற்சாலையை இழுத்து மூடியது.

அந்தச் சமயத்தில் டொயோட்டாவுக்கு அமெரிக்க மண்ணில் கார் தயாரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கோ, சின்னக் காரை நஷ்டமில்லாமல் தயாரிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இருவரும் கூட்டுச் சேர்ந்து, மூடிக்கிடந்த அதே கட்டடத்தில் ‘நூமி’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பழைய தொழிலாளர்களையே எடுக்க வேண்டும் என்பதில் வாகனத் தொழிலாளர் சங்கம் உறுதியாக நின்றது. கடைசியில் நூமியில் சேர்ந்த தொழிலாளர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள்தான். நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்ற சங்கத்துக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். 1984 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது.

அடுத்து நடந்ததை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எண்களாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு காரைப் பூட்டி முடிக்க எத்தனை ஆள்-மணிநேரம் ஆகிறது என்று 1987-ல் ஒப்பிட்டார்கள். மசாசூசெட்ஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் தொழிற்சாலையில் 31. ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா தொழிற்சாலையில் 16. நூமியில் 19. காரில் வரும் குறைகளின் எண்ணிக்கையில் நூமி தகாவோகாவுக்குச் சமமாகவே வந்துவிட்டது. வேலைக்கு வராதவர்கள் இருபது சதவீதத்திலிருந்து மூன்று, நான்கு சதவீதத்துக்கு இறங்கினார்கள். தன் மற்ற தொழிற்சாலைகளில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோக்களுக்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தொழிற்சாலைகளை ஜெயிக்கும்படியான நவீன இயந்திரம் எதுவும் நூமியில் இல்லை. ஆட்கள் அதே ஆட்கள். ஊர் அதே ஊர். சங்கமும் அதே சங்கம்.

அப்படியானால் மாறியது எது?

காரைப் பூட்டும் லைனுக்கு மேலே ஓடும் ஒரு கயிற்றிலிருந்து தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு, இந்தக் கயிற்று முறைக்கு வழங்கும் ‘ஆண்டான்’ என்ற பெயர் உடனே புரியும். பழைய ஃப்ரீமான்டில் மீற முடியாத சட்டம் ஒன்றே ஒன்றுதான்: லைன் நிற்கக்கூடாது. போல்ட் சரியாக ஏறவில்லையா, போகட்டும். கதவு பொருந்தவில்லையா, போகட்டும். முன்னும் பின்னும் வேறு மாடலின் பாகம் மாட்டிக்கொண்டு வந்தாலும் போகட்டும். கடைசியில் வெளியே நிறுத்தி வைத்துப் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம். நூமியிலோ, வேலையில் ஏதாவது இடறினால் கயிற்றை இழுக்கும் உரிமை லைனில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு.

இந்தக் கதை கேட்ட பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ‘ஓ, தொழிலாளிக்கு அதிகாரம் கொடுத்தார்கள், அவ்வளவுதானே’ என்று எழுந்து போய்விடுவார்கள். கயிற்றை இழுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இழுத்தவுடன் லைன் நிற்காது. ஒரு மெட்டு ஒலிக்கும், பலகையில் அந்த இடத்துக்கான விளக்கு எரியும். குழுத் தலைவர் நடந்து வருவார். கார் அந்த நிலையத்தைத் தாண்டிப் போவதற்குள், அதாவது ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள், இருவருமாகச் சரிசெய்துவிட்டால் குழுத் தலைவர் மறுபடி கயிற்றை இழுப்பார். லைன் நிற்காமலே ஓடும். முடியாவிட்டால், கார் நிலையத்தின் எல்லைக்கு வந்ததும் லைன் நின்றுவிடும். ஆக, அந்தக் கயிறு முதலில் கேட்பது உதவி. நிறுத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது யோசியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒருவர் வந்து நிற்க வேண்டுமென்றால், அவர் கை காலியாக இருக்க வேண்டும். நூமியில் ஐந்தாறு பேருக்கு ஒரு குழுத் தலைவர். லைனில் நிரந்தரமாக ஓர் இடம் அவருக்குக் கிடையாது. அந்தக் குழுவின் எல்லா வேலைகளும் கைவரும். நம் கணக்குப்பிள்ளை மூளைக்கு அது வீண் செலவாகத் தெரியும். ஐந்தாறு பேருக்கு ஒருத்தர் சும்மாவா என்று கேட்கத் தோன்றும். அந்தச் ‘சும்மா’வை வெட்டிவிட்டால் கயிறு வெறும் கயிறாகிவிடும். ரெண்டு முறை இழுத்தும் யாரும் வராவிட்டால், மூன்றாம் முறை எவரும் இழுக்கமாட்டார்.

வந்தவருக்கு எது கோளாறு என்று தெரிய, எது சரி என்பது முன்பே தீர்மானமாகி இருக்க வேண்டும். வேலையை எந்த வரிசையில், எத்தனை வினாடியில் செய்வது என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதை எழுதியவர்கள் அந்தந்த வேலையைச் செய்பவர்களேதான். பழைய தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச் பிடித்தபடி ஓர் என்ஜினியர் தலைக்கு மேல் நிற்பார். இங்கே அந்த ஸ்டாப்வாட்ச் குழுவின் கைக்கே வந்துவிட்டது. பழைய ஃப்ரீமான்டில் டஜன் கணக்கில் வேலைப் பிரிவுகள் இருந்தன, அடுத்த பிரிவின் வேலையைத் தொட்டால் தகராறு. நூமியில் உற்பத்தித் தொழிலாளிகள் எல்லாருக்கும் ஒரே பிரிவு. ஆகவே குழுவுக்குள் இடம் மாறி மாறி நிற்கவும், ஒருவர் இன்னொருவருக்குக் கை கொடுக்கவும் முடிந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வாக்குறுதி இருந்தது. கம்பெனியின் நிலைப்பே கேள்விக்குறியானால் ஒழிய ஆட்குறைப்பு செய்யமாட்டோம் என்று நிர்வாகம் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. இது ஏன் வேண்டும்? தன் வேலையை எளிதாக்க ஒருவர் யோசனை சொல்கிறார், அதனால் ஓர் ஆள் மிச்சமாகிறது என்று வையுங்கள். மிச்சமான ஆளை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த யோசனையை யாராவது வாயைத் திறந்து சொல்வார்களா? 1988-ல் அந்த வாக்குறுதிக்குச் சோதனை வந்தது. விற்பனை படுத்துவிட்டது, தொழிற்சாலையின் திறனில் அறுபது சதவீதம்கூட ஓடவில்லை. ஒருவரையும் அனுப்பவில்லை. பயிற்சிக்கும், வேலைமுறையைச் செம்மைப்படுத்தும் பணிகளுக்கும் போட்டார்கள். சொன்ன சொல் நின்றது என்று தொழிலாளர்கள் நம்பியது அப்போதுதான்.

ஆங்கில நிர்வாக நூல்கள் அமைப்புச் சிந்தனை என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான். கயிறு குழுத் தலைவரை நம்பி நிற்கிறது. அவர் எழுதப்பட்ட வேலைமுறையை நம்பி நிற்கிறார். அந்த வேலைமுறை, மனதில் உள்ளதைச் சொல்லும் தொழிலாளியை நம்பி நிற்கிறது. அவர் வேலை போகாது என்ற வாக்கை நம்பி நிற்கிறார். ஒன்றை உருவினால் மற்றவை சரியும். குழுவைப் புரிந்துகொள்ள ஆட்களைப் பார்ப்பதோடு, ஆட்களுக்கு நடுவில் ஓடும் இந்தப் பிணைப்புகளையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

பிணைப்புகள் வட்டமாகச் சுழலும். பழைய தொழிற்சாலையின் வட்டத்தைப் பாருங்கள். ஆள் வரவில்லை, பழக்கமில்லாதவரை அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், தப்பு நடக்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், வெறுப்பு ஏறுகிறது, மறுநாள் இன்னும் ரெண்டு பேர் வரவில்லை. இதில் யாரைக் குற்றவாளியாக்குவது? சூப்பர்வைசரையா? ஷிஃப்ட் முடிவில் எத்தனை கார் என்பதை மட்டும்தான் அவரிடம் கேட்டார்கள். தொழிலாளியையா? கோளாறைச் சொன்னாலும் யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நியாயமாகத்தான் நடந்தார். மொத்தம் நாசமாகப் போனது.

நல்லவர்கள், புத்திசாலிகள் நியாயமாக நடந்தும் மொத்தம் கெடும் என்பதை நம்பாதவர்களுக்கு, எம்.ஐ.டி.யில் 1960 வாக்கிலிருந்து ஆடப்படும் ஒரு விளையாட்டு உண்டு. பீர் விளையாட்டு என்று பெயர், ஆனால் யாரும் குடிப்பதில்லை. நான்கு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தயாரிப்பாளர். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஆர்டர் மட்டும் எழுதி அனுப்பலாம், பேசக்கூடாது. சரக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். வாடிக்கையாளர்கள் வாரம் 4 பெட்டி வாங்குகிறார்கள். ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு கடைசிவரை 8 தான்.

இந்த ஒரே ஒரு சின்ன மாற்றத்துக்கு, தயாரிப்பாளரிடம் வரும் ஆர்டர் விண்ணுக்குப் போகும். சரக்கு வரவில்லையே என்ற பதற்றத்தில் ஒவ்வொருவரும் கூடுதலாக ஆர்டர் போடுவார்கள். சில வாரம் கழித்து எல்லாம் ஒரேயடியாக வந்து குவியும். உடனே ஆர்டரைப் பூஜ்யமாக்குவார்கள். ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர்கள் எப்படி வாங்கியிருப்பார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் மலையும் மடுவுமாக ஒரு கோடு வரைந்து காட்டுவார்கள். பக்கத்தில் இருந்தவர்மேல் கோபமும் இருக்கும். ஜான் ஸ்டெர்மன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் 1989-ல் பல குழுக்களின் ஆட்டங்களை அலசி, அவர்களுக்கு ஆன செலவு குறைந்தபட்சம் ஆகக்கூடியதைவிடச் சராசரியாகப் பத்து மடங்கு என்று காட்டினார். மாணவர்கள் ஆடினாலும் மேலாளர்கள் ஆடினாலும் ஏற்ற இறக்கத்தின் வடிவம் ஒன்றுதான். ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்தாலும் அதே கதை. தாமதமும், அடுத்த கட்டத்தில் நடப்பது தெரியாமல் இருப்பதும் சேர்ந்தால் யாரையும் அப்படித்தான் ஆட்டுவிக்கும்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு துறை அடுத்த துறையைத் திட்டும்போது இந்த நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். திட்டுகிறவரிடம் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அவர் திட்டுவதும் நியாயமாகத்தான் தெரியும்.

சரி, ஃப்ரீமான்டில் வெற்றி கண் முன்னால் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை மற்ற தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோயிருக்கலாமே? முயன்றார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸ் தொழிற்சாலையில் குழு முறையைப் புகுத்தினார்கள். தொழிற்சாலையையே மூடிவிடுவோம் என்ற மிரட்டலின் நிழலில் அது வந்ததால் தொழிலாளர்கள் பாதிப் பேருக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆள் குறைக்க வந்த தந்திரம் என்று நினைத்தார்கள். சூப்பர்வைசர்களுக்கோ தங்கள் அதிகாரம் போகிறதே என்ற கவலை. பொருந்தாத பாகம் வந்தால் அனுப்பியவரிடம் சொல்லித் திருத்த வைக்கும் வழியும் இல்லை. குழு என்ற பெயர் வந்தது, கயிற்றின் பின்னால் நிற்க வேண்டிய எதுவும் வரவில்லை. 1992-ல் வான் நைஸ் மூடப்பட்டது.

ரஸல் அக்காஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார். உலகத்தின் கார்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, எதில் என்ஜின் சிறந்தது, எதில் பிரேக் சிறந்தது, எதில் கியர் சிறந்தது என்று பார்த்து, அந்தச் சிறந்த பாகங்களை மட்டும் கழற்றி ஒன்றாகப் பூட்டினால் உலகின் தலைசிறந்த கார் கிடைக்குமா? காரே கிடைக்காது. ஒன்றோடொன்று பொருந்தாது. கெட்டிக்காரர்களாகப் பொறுக்கி எடுத்து ஒரு குழு அமைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நூமியைச் சொர்க்கமாகக் காட்டுவது என் எண்ணமில்லை. ஒவ்வொரு நிமிடத்தையும் கிட்டத்தட்ட முழுமையாக வேலையால் நிரப்பி வைத்தால் உடம்பு தாங்க வேண்டுமே. தொழிலாளர் விவகாரங்களை எழுதிவந்த மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-லேயே இதை அழுத்தம் கொடுத்து வேலை வாங்கும் முறை என்று கடுமையாக விமர்சித்தார்கள். 1993-ஆம் ஆண்டுக்கான புதிய மாடல் வந்தபோது தொழிலாளர்களின் கை, தோள், முதுகுக் காயங்கள் பெருகி, கலிபோர்னியா அரசின் தொழில் பாதுகாப்புத் துறை நூமிமேல் நடவடிக்கை எடுத்தது. எனக்கு அந்த விமர்சனம் நியாயமாகவே படுகிறது. தரக் கோளாறைச் சொல்லக் கயிறு இருந்தது. தோள்பட்டை வலியைச் சொல்ல அதே அளவு வலுவான கயிறு இல்லை. எந்தச் செய்திக்கு வழி வெட்டி வைத்தார்களோ அந்தச் செய்திதான் வந்து சேர்ந்தது.

குழுவைச் சுற்றிப் பெரிய வட்டங்களும் இருக்கின்றன. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, நூமியிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. டொயோட்டாவும் மூடிவிட்டுப் போனது. அதே ஆண்டு டெஸ்லா அந்த வளாகத்தை வாங்கியது. நூமியில் வேலை பார்த்தவர்களின் திறமையில் குறை ஒன்றும் வந்துவிடவில்லை.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள், உங்கள் குழுவுக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது, பிரச்சினை இருக்கிறது என்று ஒருவர் சொன்ன அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார். ரெண்டு நீல டிக் விழுகிறது. யாரும் பதில் சொல்லவில்லை. அல்லது, ‘இதை நேற்றே ஏன் சொல்லவில்லை’ என்று ஒரு பதில் வருகிறது. இரண்டுமே கயிற்றை அறுப்பவை. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் தலைகீழாக இருந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம். விசாரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தக் குழுக்களில் நடந்த தவறைப் பயமில்லாமல் சொன்னார்கள். மற்றவற்றில் மறைத்தார்கள். 1996-ல் வெளியான அந்த ஆய்வு, ‘எங்கள் குழுவில் பிரச்சினையே வருவதில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடுத்து, உங்கள் கை காலியாக இருக்கிறதா? நம் ஊரில் நன்றாக வேலை செய்கிறவரைத் தலைவராக்கி, பழைய வேலையையும் அவர் தலையிலேயே விட்டுவிடுவது சர்வ சாதாரணம். நாள் முழுக்கக் கூட்டங்களும் சொந்த வேலையும் நிரம்பியிருந்தால், உதவி கேட்டு வந்தவர் உங்கள் இருக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். தினம் ஒரு மணிநேரத்தையாவது, முன்கூட்டியே எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். மேலிருப்பவர்களுக்கு அது உறுத்தும். அந்த ஒரு மணிநேரம் எதற்கு என்று அவர்களிடம் முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.

பிறகு, கோளாறு வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. டெமிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950-ல் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்த அமெரிக்கர். அவர் பெயரால் அங்கே தரும் பரிசை இந்தியாவில் முதலில் வாங்கியது நம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல். வேலையில் வரும் கோளாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அமைப்பைச் சேர்ந்தவை, அவை நிர்வாகத்தின் பொறுப்பு என்பது டெமிங்கின் மதிப்பீடு. அந்த எண்ணை நான் அட்சர சுத்தமாக எடுத்துக்கொள்ளமாட்டேன், அவரும் தன் அனுபவத்திலிருந்துதான் சொன்னார். ஆனால் விசாரணையை எங்கே தொடங்குவது என்று அது வழி காட்டுகிறது. மீதி ஆறும் உண்மையே. கற்றுக்கொடுத்தும், உதவி கொடுத்தும், வேலைமுறையைத் திருத்தியும் ஒருவருக்கு அந்த வேலை வரவில்லையென்றால் அவரை வேறு இடத்துக்கு மாற்றத்தான் வேண்டும். அதைச் செய்ய வேண்டியது கடைசியில். பெரும்பாலோர் அதை முதலில் செய்கிறார்கள்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியாக உங்கள் குழுவில் நடந்த மூன்று சொதப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். யார் காரணம் என்று எழுதாதீர்கள். முதலில் அது யார் கண்ணில் பட்டது, எப்போது பட்டது, அவர் யாரிடம் சொன்னார், சொல்லவில்லையென்றால் ஏன், சொன்னது எத்தனை கை மாறி உங்களிடம் வந்தது, அதற்குள் எத்தனை நாள் ஓடிவிட்டது என்று மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு வரையுங்கள். வரையும்போது சம்பந்தப்பட்டவர்களைக் கூடவே உட்கார வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பாதி உங்களுக்குத் தெரியாது. மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் தேங்கி நிற்கக்கூடும். ஒரே ஒருவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் இடமாக அது இருக்கலாம், துறைக்கும் துறைக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கலாம், உங்கள் மேசையாகவே இருக்கலாம். அந்த ஓர் இடத்தை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் விட்டுவிட்டு மறுபடி மூன்று கோடு வரையுங்கள். ரெண்டு பேரை மாற்றிக் கொடுங்கள் என்று மேலே எழுதப்போகும் கடிதம் அதுவரை காத்திருக்கட்டும்.